ஒரே தண்ணீரை இருவர் இறைத்த படலம்

வாழ்க அந்த விரல்! வில்லேந்தாமல், வேலேந்தாமல், மண்வெட்டிக் காம்பை ஒருநாளும் தீண்டாமல், நகத்தில் சேறு ஏறாமல், எதிரியின் மூக்கு நுனியையே இலக்காகக் கொண்டு ஒரு பகல் முழுதும் மடங்காது நின்ற அந்த வலக்கைச் சுட்டுவிரல் வாழ்க! அவ்விரலைத் தாங்கி, வெள்ளத்தின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலிமேல் நின்றருளிய ஏழாம் வட்டத்துக் கவுன்சிலர், பழி தன்மேல் படாமல் பிறர்மேல் தெளிக்கும் பெருவித்தை கற்றவர், ஆளுங்கட்சியின் அடங்காச் சிங்கம், வாழ்க! அவருக்கு எதிரே அதே உயர நாற்காலியில், அதே நீள விரலோடு நின்ற எட்டாம் வட்டத்துக் கவுன்சிலர், எதிர்க்கட்சியின் இடிமுழக்கம், அவரும் வாழ்க! ஒருவரை வாழ்த்தி இன்னொருவரை விட்டால் நாளைக்கு என் வீட்டு வாசலுக்குத் தெருவிளக்கு வராது என்பதால் இருவரையும் சம அளவில் வாழ்த்தியாயிற்று. இனிக் கதைக்குப் போவோம்.

கருங்களிற்றுக் கூட்டம்போல் திரண்ட முகில்கள் மூன்று பகல் மூன்று இரவு பொழிந்து தீர்த்து, நான்காம் நாள் காலையில் தூறலாக இளைத்தபோது, மேட்டுத் தெருக்களிலிருந்து புறப்பட்ட வெள்ளப்படை, சாக்கடையை முன்னணியாகவும், ஒற்றைச் செருப்புகளைக் குதிரைப்படையாகவும், யார் வீட்டிலிருந்தோ கிளம்பிய நீல நிற வாளியைப் பட்டத்து யானையாகவும் நடத்திக்கொண்டு வந்து அந்தத் தாழ்ந்த தெருவை முற்றுகையிட்டது. தெருவின் நடுவே இடுப்பளவுக்குக் கான்கிரீட் சுவர் ஒன்று உண்டு. போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் பிரிக்கக் கட்டிய சுவர்தான். ஆனால் வட்டங்களைப் பிரித்தவர்கள் வேறு கோடு கிடைக்காமல் அந்தச் சுவரையே எல்லையாக வைத்துவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் எட்டு. தெருவின் பாதியில் வண்டி திரும்புவதற்காகச் சுவரில் ஒரு வண்டி அகலத்துக்கு ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். இந்தப் படலத்தின் மூடத்தனம் முழுவதும் அந்த இடைவெளி வழியாகத்தான் நடந்தது.

ஏழாம் பக்கத்தில், தெருவிலிருந்து மூன்று படி கீழே இறங்கினால் ஓர் இஸ்திரிக் கடை. கட்டியபோது அது தெருவுக்கு மேலேதான் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய சாலையைத் தோண்டாமல் அதன் தலைமேலேயே புதுச்சாலை போட்டார்கள். சாலை வளர்ந்தது, கடை புதைந்தது. அந்தக் கடையை நான்கு மாதம் முன்புதான் எடுத்திருந்தாள் இஸ்திரிக்கார அக்கா. அதுவரை பதினோரு வருஷம் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியை வைத்துத் தெருத்தெருவாகத் தேய்த்தவள். உள்ளங்கை முழுக்கத் தழும்பு. கல்யாணம், வேலை நேர்காணல், கோர்ட் வாய்தா, எதற்குப் போனாலும் அந்த வட்டாரத்து மனிதர்கள் அவள் கை பட்ட மடிப்போடுதான் போனார்கள். அன்று முப்பத்தொரு வீட்டுத் துணி அவளிடம் இருந்தது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி, சுவரில் அடித்த பலகைப் பரண்மேல் ஏற்றி, மூட்டைகளுக்கு நடுவே காவலாகத் தன் வீட்டுக்காரரையும் ஏற்றி உட்கார வைத்திருந்தாள். வேறு எங்கே கொண்டுபோவது? வெளியே தூறல். மாடி வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டு நிவாரண முகாமுக்குப் போய்விட்டார்கள். தெரு முழுக்கக் காய்ந்த இடம் என்று இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

கடைக்குள் தண்ணீர் அவள் மார்பளவு. பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. ஊறி ஊறி ஏறிக்கொண்டிருந்தது. சாக்கடைத் தண்ணீர் ஒருமுறை பட்டால் வெள்ளைத் துணி ஏழு ஜென்மத்துக்கும் வெளுக்காது. முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் அவள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அவள் மறுபடியும் தள்ளுவண்டிக்குப் போகவேண்டியதுதான். அந்த வண்டியையும் கடை முன்பணத்துக்காக விற்றாயிற்று.

"நாலு விரல் இருக்கு!" என்று பரணிலிருந்து அறிவித்தார் வீட்டுக்காரர். அதுவே அன்றைய போர்முரசு.

அப்போது வந்தன பார் இரண்டு தேர்கள்! தெற்கிலிருந்து ஒரு டெம்போ, வடக்கிலிருந்து ஒரு டெம்போ. ஒன்றில் ஏழாம் வட்டத்தின் டீசல் மோட்டார், மற்றொன்றில் எட்டாம் வட்டத்தின் டீசல் மோட்டார். இரண்டும் புகை கக்கும் அரக்கர்கள், இரண்டும் கயிறு இழுத்தால் இருமும் கிழடுகள். ஒவ்வொன்றோடும் நூறு அடி பைப்பு, பெரும்பாம்புபோல் சுருண்டு கிடந்தது. மோட்டார் ஓட்ட வந்தவர்கள் இருவர்: ஏழாம் பக்கம் ஒரு பெரியவர், எட்டாம் பக்கம் அவர் மனைவியின் தம்பி. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டுவிட்டு, ஒரே சைக்கிளில் தெருமுனைவரை வந்து, அங்கிருந்து பகைவர்களாகப் பிரிந்து நடந்தார்கள்.

தெருக்கோடியில் வாய்க்கால் ஒன்று இருந்தது. கரை உயரம், உள்ளே இன்னும் இரண்டடி இடம் காலியாகக் கிடந்தது. மோட்டாரிலிருந்து அங்கே போக நூற்றெண்பது அடி. பைப்போ நூறு அடி. ஆகவே ஏழாம் வட்டத்துச் சிங்கம் ஒரு கணம் சிந்தித்து, "சுவருக்கு அந்தப் பக்கம் போடு!" என்று திருவாய் மலர்ந்தார். எட்டாம் வட்டத்து இடிமுழக்கமும் ஒரு கணம் சிந்தித்து அதையே மலர்ந்தார். கயிறுகள் இழுபட்டன. மோட்டார்கள் இருமின, செருமின, உறுமின. ஏழின் தண்ணீர் சுவர் தாண்டி எட்டில் விழுந்தது. எட்டின் தண்ணீர் சுவர் தாண்டி ஏழில் விழுந்தது. விழுந்ததெல்லாம் வண்டி திரும்பும் இடைவெளி வழியாக, யாத்திரை முடித்துத் திரும்பும் பக்தரைப்போல நிதானமாக, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

மைத்துனர்கள் இருவரும் சுவரின் இரு பக்கமும் சாய்ந்து நின்றார்கள்.

"மாமா, நீங்க விடுற தண்ணி என் முதுகுல விழுது."

"அது என் தண்ணி இல்ல மாப்ள. நீ விட்டதுதான். ஊரைச் சுத்திட்டு இப்பதான் வீடு திரும்புது."

"ரெண்டு பைப்பையும் ஒண்ணா மாட்டினா வாய்க்கால் எட்டிடும்ல?"

"நல்லா எட்டும். போய்ச் சொல்லு பாப்போம். நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் காதுல இரையுது."

ஆம், சொல்லியிருந்தார். வேலை தெரிந்தவன் சொல்வதைக் கேட்கும் வழக்கம் அங்கே எந்தக் கட்சியிலும் இல்லை.

இப்போது எழுந்தது பெரும்போர்! ஏழாமவர் நாற்காலியை வரவழைத்து அதன்மேல் ஏற, நாற்காலிக் கால் சேற்றில் ஓரடி புதைய, தொண்டர் இருவர் தோள் கொடுத்துத் தூக்கி நிறுத்த, மேகம் கிழிந்து மின்னல் நீண்டதுபோல் நீண்டது அவ்விரல்.

"பாத்துக்குங்க மக்களே! நம்ம ஏழாம் வட்டம் எதனால முழுகுது? இதோ, இந்த ஆளு பைப்பால! தண்ணி எங்கேர்ந்து வந்து எங்க கொட்டுதுன்னு கண்ணால பாருங்க!"

அதற்குள் எட்டாமவரும் நாற்காலி ஏறிவிட்டார். "கொட்டறது யாருய்யா? உன் பைப்பு என் வட்டத்துல மூக்கை நீட்டிட்டு நிக்குது! எட்டாம் வட்டத்த முழுகடிச்ச பாவி இவன்தான்! எழுதிக்கங்க!"

எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அரசியல் தோன்றிய நாள் முதல் இருவர் ஒருவர்மேல் ஒருவர் சொன்ன குற்றச்சாட்டு இரண்டும் முழு உண்மையாக இருந்தது அந்தத் தெருவில், அந்த முற்பகலில் மட்டும்தான். முகாமிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று இந்தப் பக்கத்துக்கும் கைதட்டினார்கள், அந்தப் பக்கத்துக்கும் கைதட்டினார்கள்.

"மூணு விரல்!" என்றது பரண்.

அக்கா படியேறி வெளியே வந்தாள். நனைந்த பூனைபோல் இருந்தாள். இரு நாற்காலிகளுக்கும் நடுவே, இடைவெளியில் போய் நின்றுகொண்டாள்.

"ஐயா, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டு பைப்பையும் சேத்து மாட்டுங்க. தண்ணி வாய்க்காலுக்குப் போயிரும். அப்புறம் நாள் பூரா சண்டை போடுங்க, யாரு வேண்டாங்கிறா?"

ஏழாமவர் பெருமூச்சு விட்டார். "நான் கழட்டினா என்னம்மா அர்த்தம்? தப்பு எம்மேலன்னு அர்த்தம். மொதல்ல அவரக் கழட்டச் சொல்லு."

அக்கா திரும்பினாள். எட்டாமவரும் அதே பெருமூச்சை விட்டார். "நான் மொதல்ல கழட்டினா நாளைக்கு இந்த ஆளு நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடுவாரும்மா. அவரக் கழட்டச் சொல்லு."

"அப்ப ஒண்ணா கழட்டுங்க. நான் மூணு எண்ணறேன்."

எண்ணினாள். ஒன்று என்றபோது இருவரும் குனிந்தார்கள். இரண்டு என்றபோது இருவர் கைகளும் பைப்பின் இணைப்பைப் பற்றின. மூன்று என்றபோது இருவரும் நிமிர்ந்து, மற்றவர் கழற்றுகிறாரா என்று பார்த்தார்கள். மறுபடி எண்ணினாள். மறுபடி பார்த்தார்கள். ஐந்து முறை எண்ணியதில் ஐந்து முறையும் இரு பெருவீரர்களும் குனிந்து நிமிர்ந்ததுதான் மிச்சம். இடுப்புக்கு நல்லது என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்.

"ரெண்டு விரல்! இந்தா, சீக்கிரம் எதாவது பண்ணு! எனக்கு நீச்சல் வேற தெரியாது!" என்று பரண் அலறியது.

இந்த வேளையில்தான் விதி கைபேசி உருவில் மணியடித்தது. ஒரே நேரத்தில் இரண்டு பைகளில். ஏழாமவர் எடுத்துக் காதில் வைத்தார். எட்டாமவர் எடுத்துக் காதில் வைத்தார். இருவர் முகமும் ஒரே நிறத்துக்கு மாறியது. மூன்று மணிக்கு நிவாரணத் துறை அமைச்சர் வருகிறார். கூடவே டிவிக்காரர்கள் வருகிறார்கள். ஆளுங்கட்சி வரவேற்க நிற்க வேண்டும், எதிர்க்கட்சி மறிக்க நிற்க வேண்டும், இரண்டுக்கும் கேமரா முன்னால் நிற்க வேண்டும்.

இருவரும் குனிந்து தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். விரலில் மட்டுந்தான் சேறு இல்லை. நாற்காலி புதைந்தபோதெல்லாம் தெறித்துத் தெறித்து, சட்டை முழுக்க எருமை புரண்டதுபோல் இருந்தது.

"அண்ணே, இப்படியே நில்லுங்க," என்றார் மோட்டார்ப் பெரியவர், நல்ல எண்ணத்தில்தான். "சேத்துச் சட்டைன்னா நீங்களும் வேலை பாத்தீங்கன்னு நம்புவாங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அமைச்சர் வெள்ளையில வருவாரு. பக்கத்துல எவன் அழுக்கா நின்னாலும் டிவியில ஓரத்தோட வெட்டிடுவான். அந்த ஆளு வெள்ளையில நின்னு நான் சேத்துல நின்னேன்னு வையி, கதை முடிஞ்சுது!" என்ற ஏழாமவர் சட்டென்று நிறுத்தினார். எதிர் நாற்காலியில் எட்டாமவரும் தன் ஆளிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

வெண்பனிபோல் வெளுத்து, கஞ்சியிட்டு, ஓரம் கத்திபோல் நிற்கத் தேய்க்கப்பட்ட இருவரின் சட்டைகளும் எங்கே இருந்தன? வீட்டிலா? வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மழை தொடங்குவதற்கு முந்தின நாளே இருவரும் சட்டைகளை மூட்டையாகக் கொண்டுபோய்ப் போட்ட இடம் ஒன்றுண்டு. நாற்காலிகளிலிருந்து நான்கு விழிகள் ஒருசேரத் திரும்பின, தெருவுக்கு மூன்று படி கீழே.

அக்கா அதற்கு முன்பே கடைவாசலுக்குப் போயிருந்தாள். கோட்டை வாயிலை மறித்த காவல்மகள்போல் நிலைச்சட்டத்தின் இரு பக்கமும் கையை ஊன்றி நின்றாள்.

"ஏம்மா, என் சட்டை..."

"அக்கா, என்னோடது அஞ்சு..."

அவள் அறைகூவினாள். அந்தப் பகலில் எழுந்த பிரகடனங்களிலேயே சிறியது அதுதான். "சட்டை பரண்ல இருக்கு. பைப்ப மாட்டுங்க, அப்புறம் சட்டைய மாட்டுங்க."

ஏழாமவர் சிரித்தார், அது அதிகாரச் சிரிப்பு. எட்டாமவர் உறுமினார், அது எதிர்க்கட்சி உறுமல். அதிகாரியிடம் சொல்வேன் என்றார் ஒருவர். அதிகாரிமேலேயே புகார் கொடுப்பேன் என்றார் மற்றவர். அக்கா உள்ளே திரும்பி, "ஏங்க, அந்த வெள்ளைச் சட்டைய எடுங்க" என்றாள்.

பரணில் அமர்ந்திருந்த அந்த நல்ல மனிதர் அவள் கண்ணசைத்த மூட்டையைப் பிரித்து, ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து, காலரைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டார். கலங்கிய கருங்கடல்மேல் தனியொரு கொக்கு இறங்குவதுபோல் இறங்கியது அச்சட்டை. கைப்பட்டி தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே ஆடிற்று. தெருவே வாய்பிளந்தது.

"அது யாரோடது?" என்று கத்தினார் ஏழாமவர்.

"எல்லா வெள்ளையும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?" என்றாள் அக்கா. "ஏங்க, ஒரு விரல் எறக்குங்க."

இறக்கினார். ஏழாமவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எட்டாமவரின் மீசை துடித்தது. தன்னுடையதாக இருந்தால் தான் செத்தேன், அவனுடையதாக இருந்தால் அவன் செத்தான், ஆனால் யாருடையது என்று தெரியாதபோது எப்படி மகிழ்வது, எப்படி அழுவது என்ற பெருந்துயரில் இருவரும் நாற்காலியோடு நடுங்கினார்கள்.

"இன்னும் அரை விரல்."

"கழட்டறேன்!" என்ற ஓலம் இரண்டு தொண்டைகளிலிருந்து எழுந்தது. யார் முதலில் சொன்னார் என்பதில் இன்றுவரை இரு கட்சிக்கும் தகராறு உண்டு. அதற்குள் நாம் போகவேண்டாம். மாமனும் மாப்பிள்ளையும் உத்தரவு தரையில் விழுவதற்குள் மோட்டாரை நிறுத்திப் பைப்புகளைக் கழற்றி, ஒன்றின் வாயில் மற்றதன் வாலைச் செருகி, சைக்கிள் டியூபால் சுற்றி, வாய்க்கால் கரைமேல் கொண்டுபோய்க் கல் வைத்து அழுத்திவிட்டார்கள். நாள் முழுதும் முடியாத வேலை ஏழே நிமிடத்தில் முடிந்தது.

"எந்த மோட்டார ஓட்டறது?" என்று ஏழாமவரின் விரல் மீண்டும் தலைதூக்கியது.

"எது ஸ்டார்ட் ஆகுதோ அது," என்றாள் அக்கா.

எட்டாம் வட்டத்தினது பதினான்கு இழுப்புக்கு அசையவில்லை. ஏழாம் வட்டத்தினது பதினைந்தாவது இழுப்பில் எழுந்தது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்த சத்தம் கேட்டதும் பரணிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று அக்காவுக்கே தெரியவில்லை. ஒரு விரல் இடைவெளி இரண்டானது, இரண்டு சாணானது. முப்பத்தொரு வீட்டுத் துணியில் ஒரு நூல் நனையவில்லை. தொங்கவிட்ட சட்டையின் கைப்பட்டி மட்டும் கடைசி நேரத்தில் தண்ணீரை லேசாக முத்தமிட்டிருந்தது.

"ஏன்டி, என் கல்யாணச் சட்டைதான் கெடச்சுதா உனக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"பின்ன? அடுத்தவங்க துணியவா நனைப்பேன்?" என்றாள் அவள்.

மூன்று மணிக்கு வரவேண்டிய அமைச்சர் ஐந்தரைக்கு வந்தார். வெண்கொற்றக் குடைகள் விரிய, வாகனக் கதவுகள் படபடக்க, கேமராக்கள் தோளேற, மடிப்புக் கலையாத வெள்ளையில் இரு பக்கமும் நின்றார்கள் நம் இரு பெருவீரர்கள். அமைச்சர் கார்க் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. அந்த நீல வாளி கூடத் தரைதட்டி நின்றது.

"வெள்ளம் எங்கய்யா?" என்றார் அமைச்சர். "இடுப்பளவு தண்ணின்னு சொன்னதாலதானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

டிவிக்காரர் ஒருவர் கேமராவைக் கீழே இறக்கினார். "இதுல என்ன சார் எடுக்கறது? வாங்க, அடுத்த தெருவுக்குப் போலாம்."

அந்தோ! படம் பிடிக்க வந்தவர்கள் பாராமுகமாய்த் திரும்பிய அக்கணத்தில், உலகம் இதுவரை கண்டிராத பெருங்குற்றச்சாட்டு எழுந்தது; வானை முட்டியது ஏழாமவர் குரல், "இந்த ஆளு பைப்பக் குடுத்ததாலதான் தண்ணி வடிஞ்சுது!" என்று, திசையை அதிர்த்தது எட்டாமவர் குரல், "வடிச்சது உன் மோட்டார்தானய்யா, நானா?" என்று, வெள்ளத்தை வரவிட்ட பழியைப் பகல் முழுதும் சுமந்து களைத்த அவ்விரண்டு விரல்களும், இப்போது வெள்ளத்தைப் போகவிட்ட பழியைச் சுமக்கப் புதுவலிமை பெற்று, சேறு படாத அந்த அருவிரல்கள், உழைப்பறியாத அந்த ஒப்பற்ற விரல்கள், தூறல் விட்டு எட்டிப் பார்த்த மாலை வெயிலில் பொன்னெனச் சுடர்ந்து ஒன்றையொன்று நோக்கி மீண்டும் நீண்டன.

அக்கா கடைக்குள் முழங்கால் அளவுக்கு நின்ற சேற்றை அள்ளி வெளியே போட ஆரம்பித்தாள்.